'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்'னு சொன்னா என்ன தப்பு? - 'ஹேவ்' படுத்தும் பாடும், அதைப் பிடிக்கும் வழியும்

என் தோழி ஒருத்தி நர்ஸ். திருவாரூர் பக்கத்து கிராமத்தில் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இப்போ சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை. ராத்திரி டியூட்டியில் ஒரு வார்டையே தனியா சமாளிக்கிற ஆள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு முயற்சி பண்ணலாம்னு முடிவெடுத்து, அதற்குத் தேவையான ஆங்கிலத் தேர்வுக்காக ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் நாள். எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கணும். இவள் முறை வந்ததும், "ஐ ஆம் மேரிட். ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றிருக்கிறாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "கங்கிராட்ஸ்! ட்வின்ஸா? டெலிவரி எப்போ?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்தது. மிச்ச வகுப்பு முழுக்க இவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்கு போன். "ஏய், நான் என்னடி தப்பா சொல்லிட்டேன்? எல்லாரும் அப்படித்தானே பேசுறாங்க?"

உண்மையைச் சொல்லணும்னா, தப்புன்னு தெரியும். ஏன் தப்புன்னு எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. 'ஹேவிங்' போடக் கூடாதுன்னு யாரோ எப்பவோ சொன்னது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. ஆனால், 'வீ ஆர் ஹேவிங் டின்னர்' சரிதானே? அப்போ எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது? அந்த போனுக்கு அப்புறம் உட்கார்ந்து படித்ததும், ஆங்கில ஆசிரியர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. உங்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்தால், ஒரு பத்து நிமிஷம் கொடுங்க.

நம்மகிட்ட இல்லாத வினைச்சொல்

முதலில் ஒரு விஷயம். இந்தத் தப்பு உங்க தப்பு இல்லை. 'ஹேவ்' என்கிற வார்த்தைக்கு நேரடியான வினைச்சொல் தமிழில் கிடையாது. நம்பிக்கை இல்லையா? 'ஐ ஹேவ் எ பிரதர்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்க. 'எனக்கு ஒரு தம்பி இருக்கான்.' ஆங்கிலத்தில் 'நான்'தான் வாக்கியத்தின் முதலாளி. தமிழில் முதலாளி தம்பி! நான் வெறும் 'எனக்கு'. பள்ளிக்கூடத்தில் படித்த நான்காம் வேற்றுமை, அந்த 'கு'தான் இங்கே வேலை செய்கிறது.

அதோடு நிற்காமல், நாம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறோம். தம்பி என்றால் 'எனக்கு இருக்கான்'. பணம் என்றால் 'என்கிட்ட இருக்கு'. வீட்டுக்கு மாடி என்றால் 'வீட்டுல இருக்கு'. பைக் என்றால் 'வெச்சிருக்கேன்'. காய்ச்சல் வந்தால் வினைச்சொல்லே வேண்டாம், 'எனக்குக் காய்ச்சல்', முடிந்தது. இத்தனைக்கும் சேர்த்து ஆங்கிலம் ஒரே ஒரு 'ஹேவ்' வைத்திருக்கிறது. இந்தியிலும் இதே கதைதான், 'மேரே பாஸ்' என்று சொல்லி 'இருக்கு' போடுவார்கள். ரஷ்ய மொழியிலும்கூட 'என்கிட்ட இருக்கு' என்கிற பாணிதான். அதனால், உலகத்தில் நாம் மட்டும் தனியாகத் தடுமாறவில்லை.

சரி, இந்த 'ஹேவிங்' எப்படி நம்ம வாயில் வந்து உட்கார்ந்தது? என்னோட யூகம் இது. 'இருக்கு' என்று சொல்லும்போது, இப்போதும் இருக்கு, தொடர்ந்து இருக்கு என்ற உணர்வு நம்ம மனசில் இருக்கிறது. தொடர்ந்து நடப்பதற்கு 'இங்' போடணும்னு ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ரெண்டையும் ஒட்டினால் 'ஐ ஆம் ஹேவிங்' ரெடி.

இருக்கா, நடக்குதா?

இதுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். நீங்க சொல்ல வருவது 'இருக்கு'வா, 'நடக்குது'வா?

உங்ககிட்ட இருக்கிற விஷயம் என்றால், அது பொருளாக இருந்தாலும் உறவாக இருந்தாலும் நோயாக இருந்தாலும் அனுபவமாக இருந்தாலும், வெறும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்'. 'ஐ ஹேவ் எ பைக்.' 'ஷீ ஹேஸ் டூ சில்ட்ரன்.' 'ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்.' இங்கெல்லாம் 'ஹேவிங்' வரவே வராது.

நடந்துகொண்டிருக்கிற விஷயம் என்றால், 'ஹேவிங்' தாராளமாகப் போடலாம். சாப்பிடுவது, குளிப்பது, மீட்டிங், பார்ட்டி, சண்டை எல்லாம் நடக்கிறவை. 'வீ ஆர் ஹேவிங் லஞ்ச்', சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். 'தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்', மீட்டிங் நடக்குது. இங்கே 'ஹேவ்' என்பதற்கு 'வைத்திருப்பது' என்ற அர்த்தமே இல்லை. சாப்பிடுவது, நடத்துவது, அனுபவிப்பது என்று எதிரே இருக்கிற வார்த்தைக்குத் தகுந்தபடி சட்டை மாற்றிக்கொள்ளும்.

இப்போ தோழியின் வாக்கியத்துக்கு வருவோம். குழந்தை 'இருக்கிறது' ஒரு நிலை. குழந்தை 'பிறக்கிறது' ஒரு நிகழ்ச்சி. 'ஷீ ஹேஸ் எ பேபி' என்றால் அவங்களுக்கு ஒரு குழந்தை இருக்கு. 'ஷீ இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் அவங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. ஆக, 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்றதும், வெள்ளைக்காரர் காதில் இரட்டைக் குழந்தைகளோடு அவள் பிரசவத்துக்குத் தயாராகிவிட்டாள். பயிற்சியாளர் கேட்டது வெறும் கிண்டல் இல்லை, இலக்கணப்படி நியாயமான கேள்வி. ஆனா, அதைச் சிரிக்காமல் விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. ஒரு வாக்கியத்துக்குச் சிரித்து, ஒரு மாணவியை ஒரு நாள் முழுக்க ஊமையாக்குவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம ஊரில் ஒருத்தருக்கொருத்தர் பேசும்போது 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்றால் எல்லோருக்கும் புரியும். இந்தியா முழுக்கப் புழங்கும் ஆங்கிலம் அது. அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். வெளிநாட்டு வேலை, தேர்வு, இன்டர்வியூ என்று வரும்போது இன்னொரு வழக்கும் கைவசம் இருக்கணும், அவ்ளோதான். ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் பேச்சுக்கும் எழுத்துக்கும் மதிப்பெண் போடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று.

வார்டுல இது விளையாட்டு இல்லை

என் தோழியோட பேசும்போதுதான் இது எவ்ளோ முக்கியம்னு எனக்குப் புரிந்தது. நர்ஸ்கள் டியூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்த ஷிஃப்ட்காரருக்குச் சொல்லிவிட்டுப் போகணும். நம்ம ஊர் வார்டுகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம், 'பேஷன்ட் இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்'. மூணு நாளா காய்ச்சல். நமக்குப் புரியுது.

இதைத் திருத்தலாம்னு அவள் ஒரு முறை எனக்குச் சொல்லிக் காட்டியது: 'பேஷன்ட் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.' 'ஹேவிங்' போயிடுச்சு, 'சின்ஸ்' போய் 'ஃபார்' வந்தாச்சு, எல்லாம் சரிதானேன்னு தோணும். ஆனா, அர்த்தமே மாறிடுச்சு! 'ஹேட்' என்றால் மூணு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போ இல்லை. கேட்கிறவர் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கு. அந்த நோயாளிக்கு அன்று ராத்திரி யார், எத்தனை மணிக்கு டெம்பரேச்சர் பார்ப்பார்கள் என்பது இந்த ஒரு சொல்லைப் பொறுத்துப் போகலாம்.

சரியான வாக்கியம்: 'த பேஷன்ட் ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.' மூணு நாளா இருக்கு, இன்னும் இருக்கு. 'ஹேஸ் ஹேட்' என்று ஒரே சொல் ரெண்டு தடவை வருவதைப் பார்த்துத்தான் நிறைய பேர் மிரளுகிறார்கள். அச்சுப் பிழையோன்னு நானே ஒரு காலத்தில் நினைத்தது உண்டு. பயப்பட ஒண்ணும் இல்லை. ரெண்டும் வேற வேற ஆள். பின்னாடி வருகிற 'ஹேட்'தான் காய்ச்சலைச் சொல்லும் அசல் வினை. முன்னாடி நிற்கிற 'ஹேஸ்' வெறும் உதவியாளர், அந்தக் காய்ச்சலை இன்றைய நாளோடு கட்டிப்போடுவது மட்டும்தான் அதன் வேலை.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கும் ஒரு வரி. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. மூணு நாளாக என்பது 'ஃபார் த்ரீ டேஸ்'. திங்கட்கிழமையிலிருந்து என்பது 'சின்ஸ் மண்டே'.

வார்டிலும் 'ஹேவிங்' முழுக்கத் தப்புன்னு நினைச்சுடாதீங்க. வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது 'ஹீ இஸ் ஹேவிங் எ சீஷர்' என்றுதான் சொல்லணும். பிரசவ வலி விட்டுவிட்டு வரும்போது 'ஷீ இஸ் ஹேவிங் கான்ட்ராக்‌ஷன்ஸ்'. அந்த நிமிஷம் நடக்கிறது, அதனால் 'ஹேவிங்'. சர்க்கரை நோய் அப்படி இல்லை, கூடவே இருப்பது. 'ஹீ ஹேஸ் டயாபடீஸ்.' அதே கேள்விதான்: இருக்கா, நடக்குதா?

'இரு' என்கிற நம்ம உதவியாளர்

மேலே சொன்ன உதவியாளர் 'ஹேவ்' நமக்குப் புதுசு இல்லைங்க. 'ஐ ஹேவ் சீன் தாஜ் மஹால்' என்பதைத் தமிழில் சொல்லுங்க. 'தாஜ் மஹால் பார்த்திருக்கேன்.' பார்த்து பிளஸ் இருக்கேன். தம்பி 'இருக்கான்' என்பதிலும் இரு, 'பார்த்திருக்கேன்' என்பதிலும் இரு. ஆங்கிலத்தில் ரெண்டு இடத்திலும் 'ஹேவ்'. சொந்தத்தைச் சொல்வதற்கும், முடிந்துபோன அனுபவத்தை இன்றைக்குக் கொண்டுவருவதற்கும் ரெண்டு மொழியும் அதே ஒரு சொல்லையே இழுத்திருக்கின்றன. இதைக் கவனித்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆங்கிலத்தோட ஏதோ தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி!

இதை வைத்தே இன்டர்வியூவில் அதிகம் வரும் ஒரு தப்பைச் சரி பண்ணிடலாம். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2016.' பயோடேட்டாவிலும் மெயிலிலும் அடிக்கடி கண்ணில் படுகிற வாக்கியம். இது தப்பு. தமிழிலேயே சோதிச்சுப் பாருங்க. 'நேத்து அவரைப் பார்த்திருக்கேன்' என்று சொல்வீங்களா? இடிக்குது இல்லையா? 'நேத்து அவரைப் பார்த்தேன்.' நாளோ வருஷமோ சொல்லிவிட்டால், முடிந்த காலம்தான். 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2016.' வருஷம் சொல்லாமல் பொதுவாகச் சொன்னால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி', தப்பே இல்லை.

போகிற போக்கில் இன்னொன்று. 'ஐ டிட் நாட் ஹேட்' கிடையாது. 'டிட்' வந்து கடந்த காலத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது, பின்னாடி வருபவருக்கு அந்தச் சுமை வேண்டாம். 'ஐ டிட் நாட் ஹேவ் டைம்.' அதே மாதிரி 'டஸ் ஷீ ஹேவ்', 'டஸ் ஷீ ஹேஸ்' இல்லை.

வேண்டாம்... கூடாது

'ஹேவ் டு' என்பதற்கு நம்ம 'ணும்' சரியாகப் பொருந்தும். 'ஐ ஹேவ் டு கோ', போகணும். 'ஐ ஹேட் டு கோ', போக வேண்டியிருந்துச்சு. வேகமாகப் பேசும்போது அது 'ஹேஃப் டு' என்று ஒலிக்கும், அதுவும் சரிதான். 'ஐவ் டு கோ' என்று சுருக்கிப் பேசுவது நம்ம பக்கத்துப் பழக்கம், அதைத் தவிர்த்துவிடலாம்.

ஆபத்து எதிர்மறையில் இருக்கு. 'யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ' என்று மேனேஜர் மெசேஜ் போட்டால், நாளைக்கு வரத் தேவையில்லை, வந்தாலும் தப்பில்லை என்று அர்த்தம். 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்றால் வரவே கூடாது! உடன்பாட்டில் 'ஹேவ் டு', 'மஸ்ட்' ரெண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. எதிர்மறையில் ரெண்டும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். நமக்கு ஏன் குழப்பம் வருதுன்னா, 'வர வேண்டாம்' என்ற ஒரு சொல்லிலேயே நாம் ரெண்டையும் சொல்லிவிடுவோம், குரலை வைத்து எதிராளி புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் குரலை நம்ப முடியாது, சொல்லைத்தான் நம்பணும். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கத் தேவையில்லை என்பதற்கும், எடுக்கக் கூடாது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசிச்சுப் பாருங்க.

யார் முடி வெட்டினது?

எனக்கு ரொம்பப் பிடித்த 'ஹேவ்' இதுதான். வார இறுதியில் என்ன பண்ணினீங்கன்னு கேட்டால், 'முடி வெட்டினேன், பைக்கை சர்வீஸ் பண்ணினேன்' என்போம். சலூன்காரரும் மெக்கானிக்கும் பண்ணினதுன்னு கேட்கிறவருக்குத் தெரியும். 'வீடு கட்டினேன்' என்று சொல்பவரைப் பார்த்து, கரண்டி பிடிக்கத் தெரியுமான்னு யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கண்ணாடி முன்னாடி கத்தரிக்கோலோடு நின்றதாக அர்த்தம். அடுத்தவரை வைத்துச் செய்துகொண்டதற்கு 'ஹேவ்' வேணும். 'ஐ ஹேட் மை ஹேர் கட்.' 'ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்.' வரிசையைக் கவனிங்க. முதலில் 'ஹேட்', அப்புறம் பொருள், கடைசியில் வேலை. வரிசை மாறி 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றாகிவிட்டால், கத்தரிக்கோல் மறுபடி உங்க கைக்கே வந்துவிடும்.

இதே அச்சில் கெட்ட செய்தியும் வரும். 'ஷீ ஹேட் ஹெர் ஃபோன் ஸ்டோலன்.' போனைத் திருடச் சொல்லி அவங்க ஆள் வைக்கவில்லை, திருட்டுக் கொடுத்தார்கள். ஏற்பாடு பண்ணினதா, தலையில் விழுந்ததா என்பதைச் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கடைசியா ஒரு எச்சரிக்கை, 'ஹேட் பெட்டர்'. 'பெட்டர்' இருப்பதால் மரியாதையான அறிவுரை மாதிரி தெரியும். மேலதிகாரிக்கு 'யூ ஹேட் பெட்டர் ரிப்ளை டுடே' என்று மெயில் அனுப்பிடாதீங்க. 'இன்னிக்கே பதில் போட்டுடுறது நல்லது' என்று நம்ம ஊரில் ஒருத்தர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் எப்படி இருக்கும்? அதே மிரட்டல் வாசனை இதிலும் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லலாம், பாஸிடம் வேண்டாம்.

நீங்களே முயற்சி பண்ணுங்க

ஐந்தே வாக்கியங்கள். பதிலைப் பார்க்காமல் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்க. 'எனக்கு ரெண்டு நாளா தலைவலி.' 'நேத்து ஏசியை சர்வீஸ் பண்ணினோம்.' 'நாளைக்கு நீ வரத் தேவையில்லை.' 'அண்ணனுக்குச் சொந்தமா ஒரு கடை இருக்கு.' 'டின்னர் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்.'

இதோ பதில்கள். 'ஐ ஹேவ் ஹேட் எ ஹெட்ஏக் ஃபார் டூ டேஸ்.' 'வீ ஹேட் தி ஏசி சர்வீஸ்ட் யெஸ்டர்டே.' 'யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ.' 'மை பிரதர் ஹேஸ் எ ஷாப்.' 'வீ ஆர் ஹேவிங் டின்னர்.'

இதே ஐந்தையும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். நாலு சரி. ரெண்டாவதுக்கு மட்டும் 'வீ சர்வீஸ்ட் தி ஏசி' என்று எழுதியிருந்தாள். தப்புன்னு சொன்னதும் உடனே வாய்ஸ் நோட் வந்தது. "எது தப்பு? எங்க வீட்டு ஏசியை என் வீட்டுக்காரர்தான் கழற்றி சர்வீஸ் பண்ணுவார். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்!"

அப்படின்னா அவள் எழுதினதுதான் சரி.